வேடியப்பன் கற்கள் சரளையாகும் முன்

தோழர்களே,

கேழ்வரகு அறுப்பு முடிந்துவிட்டது. கொல்லைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஏரிக்கரை முள்புதர் காய்ந்து வழிவிட்டிருக்கிறது. கோடைமழை இறங்கி உழவு தொடங்கிவிட்டால் மறுபடி எதுவும் கண்ணில் படாது. நம் கையில் இருப்பவை மாசியும் பங்குனியும்தான். இந்த இரண்டு மாதத்துக்குள் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் அவரவர் ஊரின் நடுகற்களை ஒன்றுவிடாமல் பதிவுசெய்தாக வேண்டும்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். சாலையை அகலப்படுத்த வருகிற பொக்லைனுக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது. கிரானைட் குவாரிக்கு எல்லாக் கல்லும் ஒன்றுதான். புதையல் இருக்கிறதென்று இரவில் தோண்டுகிறவர்கள் கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்களின் பக்தியால் நேரும் சேதமும் உண்டு: பாதி எழுத்து சிமென்ட் மேடைக்குள் புதைகிறது, மீதி எழுத்தின்மேல் எனாமல் பெயின்ட் ஏறுகிறது. மனைப்பிரிவு போடுகிறவர்கள் முதலில் நிரவுவது வரப்போரத்தைத்தான். நம் கற்களில் பெரும்பாலானவை நிற்பதும் அங்கேதான்.

இந்த மண்ணைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்கள் இங்கு ஆள வந்த வெள்ளைக்கார அதிகாரிகள். சேலம் மாவட்டக் கையேட்டை லெ பானு 1883இல் எழுதினார். ரிச்சர்ட்ஸ் எழுதிய விவரச்சுவடி 1918இல் வந்தது. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள் இருந்தன. உழைத்து எழுதிய நூல்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத்தை ஆட்சி நிர்வாகத்துக்கு விளக்க எழுதியவை அவை, ஊர்க்காரர் படிக்க எழுதியவை அல்ல. நம் ஊர்க் கற்களின் பேச்சு தமிழில் நூலாக வந்தது 1972இல், தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ தொகுப்பை வெளியிட்டபோது. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருதி மாண்டவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வந்தன.

எடுத்தனூர்க் கல்லை நினைத்துப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடு காத்து மாண்ட ஒருவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பெயரை நாம் சொல்கிறோம். பல்லவ மன்னனின் பெயர் அங்கே ஆண்டைக் குறிக்கத்தான் வருகிறது, கல் நட்டது மாடு காத்தவனுக்கும் அவன் நாய்க்கும். எளியவர்களின் பெயரை இப்படிப் பொறித்துவைத்த ஆவணம் நமக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஒரு கல் உடைந்தால் ஒரு மனிதனின் ஒரே சான்று போய்விடுகிறது.

இனித் தேட ஒன்றுமில்லை என்றும் எண்ண வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டது 2006இல்தான். தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் களத்தில் இறங்கித் தேடியதால் கிடைத்தவை அவை. நம் கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது.

அறிந்த ஊர் காக்கும் என்பதற்கு அரிட்டாபட்டியைப் பாருங்கள். சமணப் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள மலை. மதுரை மலைகளுக்குப் ‘பசுமை நடை’ போன்ற தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்காக மக்களை அழைத்துப்போய், அங்கேயே உட்காரவைத்து வரலாறு சொன்னார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வந்தபோது மேலூர்ப் பகுதி கிராமங்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டன, மதுரை வரை திரண்டு வந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த வெற்றி விவசாயிகளுடையது. ஆனால் எங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அவர்களால் பெயர் சொல்லிப் பேச முடிந்ததற்குப் பின்னால் அத்தனை ஆண்டு நடையும் இருக்கிறது.

ஆகவே, வேலைக்கு வருவோம். இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடமும் நிலத்துக்காரரிடமும் கேட்டுவிட்டுக் கல்லருகே செல்லுங்கள். அது அவர்களுக்கு வேடியப்பன், இன்றும் பொங்கல் வைக்கும் சாமி. இது சாமி இல்லை, வெறும் வீரன் கல் என்று பாடம் நடத்துகிறவர் நம் குழுவுக்கு வேண்டாம். கல்லைக் கழுவத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணக்கட்டி எதுவும் கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து எழும்பி நிற்கும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் தெரியும். அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். ஊர், வட்டம், புல எண், கைபேசி காட்டும் இருப்பிடப் புள்ளி, கல்லின் உயரம், அகலம் எல்லாம் எழுதுங்கள். மைப்படி எடுக்கப் பழகியவர்கள் மட்டுமே எடுக்கட்டும். தெரிந்தவர்கள் இந்த மாதமே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்லை ஓரடிகூட நகர்த்தாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வீரன் எங்கள் ஆள் என்று இரண்டு சாதியார் வந்து நிற்பார்கள். கல் சொல்லாத சாதியை நம் குறிப்பேடு சொல்லக் கூடாது.

கல்லோடு திரும்பிவிடாதீர்கள். அதன் பக்கத்துத் திண்ணையில் ஒரு கிழவி இருப்பாள். தாது வருஷப் பஞ்சத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தார்கள் என்று அவள் பாட்டி சொன்ன கதை அவளிடம் இருக்கலாம். மாடு தெளிக்கும் பாட்டு, வறண்டுபோன கிணறுகளின் பெயர், ஊர் விட்டுப் போன குடும்பங்கள் என்று அவள் சொல்வதையெல்லாம் அவள் பேச்சிலேயே பதிவுசெய்யுங்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினால் அப்படியே. கல்லாவது அடுத்த கோடை வரை நிற்கலாம்.

சேர்த்ததை நம் பீரோவில் பூட்டிவைத்தால் இத்தனை உழைப்பும் வீண். படித்த வாசகத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள். பிள்ளைகளைக் கல்லருகே கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லுங்கள். அதன் படிகளைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். மே 1 அன்று கிராமசபை கூடும். ஊரின் நடுகற்கள் எத்தனை, எங்கே நிற்கின்றன, அவற்றை யாரும் அகற்றக் கூடாது என்ற தீர்மானம் அன்று பதிவாக வேண்டும். அதை ஊர்க்காரர் முன்மொழியட்டும், நாம் பின்னால் நிற்போம்.

தோழர்களே, வரும் ஞாயிறுக்குள் உங்கள் ஊர்ப் பெயரையும் கூட வருகிறவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். ஆள் இல்லாத ஊர் எது என்று பார்த்து, அங்கே முதலில் போவோம்.