ஏமாந்தவன் மட்டுமா குற்றவாளி?

கணினிக்குள் புழு புகுந்துவிட்டது என்ற செய்தி பரவியவுடன் எழும் முதற் கேள்வி, “எந்த மடையன் அந்த இணைப்பைத் திறந்தான்?” என்பதே. அலுவலகத்தின் கடைநிலை எழுதுவினைஞன் கூண்டில் ஏற்றப்படுகிறான். தொழினுட்பம் கற்றவர் தீர்ப்பு வழங்குகின்றனர். அக்கணினியின் பணிசெயல் முறைமையை ஆக்கி, விற்று, இலாபம் கண்டவன் மாத்திரம் அம்மன்றுக்கு அழைக்கப்படுவதே இல்லை. இவ்விசாரணை ஒருதலைப்பட்சமானது என்பதே எமது வாதம்.

2003 செப்டெம்பரிற் பரவிய ஸ்வென் என்னும் புழுவை எடுத்துக்கொள்வோம். அது காதற் கடிதமாகவோ பரிசுச் செய்தியாகவோ வரவில்லை. மைக்ரோசொஃப்ட் கம்பனியின் இலச்சினை தாங்கி, அக்கம்பனியின் இணையப் பக்கத்தை அச்சொட்டாக ஒத்த கோலத்தில், “இது இம்மாதத்துப் பாதுகாப்புத் திருத்தம், உடனே நிறுவுக” என்ற அறிவித்தலாக வந்தது. இணைப்பைத் திறந்தவரிடம், “நிறுவலாமா?” என்று பணிவுடன் அனுமதியும் கேட்டது. ‘ஆம்’ என்றால் வேலை நடைபெறுவதுபோல் ஒரு பட்டை நகர்ந்து காட்டிற்று. ‘இல்லை’ என்றால் ஓசையின்றி உட்புகுந்தது. இரண்டிற்கும் முடிவு ஒன்றே. புகுந்தபின் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களைச் செயலிழக்கச் செய்தது. கணினியிற் கிடந்த முகவரிகளைத் திரட்டி அவற்றிற்கெல்லாம் தன்னையே அனுப்பியது. போலிப் பிழைச்செய்தி ஒன்றைக் காட்டி மின்னஞ்சற் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கியது.

இதனை நம்பியவர் மடையரா? முந்திய மாதம் நடந்ததை நினைவுகூர்தல் வேண்டும். 2003 ஓகஸ்ட் 11 இல் பிளாஸ்ட்டர் புழு விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. அதற்கு மின்னஞ்சலும் வேண்டியதில்லை, எவரும் எதையும் திறக்கவேண்டியதும் இல்லை. முறைமையில் இருந்த ஓட்டை ஒன்றே போதுமாயிருந்தது. அவ்வோட்டைக்கான திருத்தம் யூலை 16 இலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே, நிறுவாதவர்மீதே பழி விழுந்தது. “திருத்தத்தை நிறுவுங்கள், தாமதியாதீர்கள்” என்று கம்பனியும் பத்திரிகைகளும் ஒரே குரலில் முழங்கின. ஓகஸ்டிற் கீழ்ப்படியாதவன் குற்றவாளி. செப்டெம்பரிற் கீழ்ப்படிந்தவன் குற்றவாளி! “சொன்னதைச் செய், கேள்வி கேளாதே” என்று பதினொரு ஆண்டு பழக்கிவிட்டு, ஒருநாள் திடீரென்று “நீ ஏன் சிந்திக்கவில்லை?” என்று மாணவனை அதட்டும் ஆசிரியர்களை யாம் அறிவோம். இதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

தாம் மென்பொருளை மின்னஞ்சலில் அனுப்புவதே இல்லை என்று கம்பனி விளக்கம் கூறிற்று. உண்மைதான். ஆயின், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருந்த கணினிகளில் அம்மடலைப் பார்த்த மாத்திரத்திலேயே இணைப்புத் தானாக இயங்கியதே, அதற்கு விளக்கம் யாது? அந்த ஓட்டைக்கும் 2001 மார்ச்சிலேயே திருத்தம் வந்தது என்பர். தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வரும் இணைப்பில், நிமிடக் கணக்கிற் கட்டணம் செலுத்தி, பெருங்கோப்புகளை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தவன் நிலையை அவர்கள் எண்ணுவதில்லை.

மயக்கம் வடிவமைப்பிலேயே இருந்தது. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ புழுவின் கோப்புப் பெயர், சாதாரண எழுத்துக் கோப்பின் விகுதியும் அதன்பின் இயங்கு நிரலின் விகுதியும் கொண்டது. விண்டோஸ் அந்தக் கடைசி விகுதியை இயல்பாகவே மறைத்துக் காட்டியதால், திறந்தவர் கண்ட பெயர் பாதிப் பெயரே. இன்றைய விண்டோஸ் 11 உம் அவ்வாறே மறைக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டுத் தடுக்கி விழுந்தவனை நகைப்பது என்ன நீதி?

இவ்விடத்தில், “லினக்ஸுக்கு மாறுங்கள், தொல்லை தீரும்” என்போர் குறுக்கிடுவர். அவர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. அக்காலத்து விண்டோஸ் எக்ஸ்பி, வீட்டுப் பாவனையாளனை முழு அதிகாரம் படைத்த நிருவாகியாகவே அமர்த்தியது. புழு அவ்வதிகாரத்தை இரவல் பெற்றது. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகள் அதிகாரத்தைப் பகுத்து வழங்கின. எனினும், 1988 நவம்பரில் இணையத்தை முதன்முதற் பெரிதாக முடக்கிய மொறிஸ் புழு தாக்கியது யுனிக்ஸ் கணினிகளையே என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆழமான கேள்வியை எழுப்பியவர்கள் வேறு சிலர். 2003 செப்டெம்பர் 24 இல் டான் கீர், புரூஸ் ஷ்னையர் உள்ளிட்ட எழுவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே பயிரை நாடெங்கும் விதைத்தால் ஒரே நோய் அனைத்தையும் அழிக்கும்; ஒரே முறைமை உலகை ஆண்டாலும் அஃதே நிகழும்; ஏகபோகமே பாதுகாப்பின் பகை என்பது அதன் சாரம். அறிக்கையை வெளிக்கொணர்ந்த சங்கத்தில் மைக்ரோசொஃப்ட்டின் போட்டியாளர் இருந்தனர் என்பதும் மெய். அதனால் வாதம் பொய்யாகிவிடாது. மறுநாளே, கீர் தம்மிடம் பணியாற்றவில்லை என்று அவர் வேலைபார்த்த நிறுவனம் அறிவித்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளருள் மைக்ரோசொஃப்ட்டும் ஒன்று.

‘உண்மையான இற்றைப்படுத்தலை மட்டும் நம்புக’ என்ற அறிவுரையும் 2017 யூன் 27 இல் நொறுங்கியது. உக்ரேனிற் பெரிதும் பாவனையிலிருந்த கணக்கியல் மென்பொருளொன்றின் உண்மையான இற்றைப்படுத்தல் வழியாகவே நொட்பெட்யா பரவியது. விதிப்படி நடந்தவர்களே முதலில் வீழ்ந்தனர். மேர்ஸ்க் கப்பற் கம்பனி மாத்திரம் தன் நட்டத்தை 25 கோடி முதல் 30 கோடி டொலர் வரை என மதிப்பிட்டது. அங்கே எந்த எழுதுவினைஞனைக் கூண்டில் ஏற்றுவது?

பழுதான தடுப்புடன் மோட்டார் வாகனம் விற்றவன் நீதிமன்றம் ஏறுவான். பழுதான மென்பொருளை விற்றவனோ உரிம ஒப்பந்தத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறான். நீண்ட காலம் எவரும் வாசியாத அந்த ஒப்பந்தமே சட்டமாயிருந்தது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய பணிப்புரை, மென்பொருளையும் ‘பொருள்’ எனக் கொண்டு, குறைபாட்டால் விளையும் தீங்கிற்கு ஆக்கியவனைப் பொறுப்பாளியாக்குகிறது. உறுப்பு நாடுகள் அதனைத் தத்தம் சட்டமாக்க விதிக்கப்பட்ட எல்லை 2026 டிசெம்பர் 9. ஸ்வென் பரவி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்பு! அதுவும் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்படுவனவற்றிற்கு மட்டுமே.