கையொப்பமும் ஓர் அமானிதமே



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள். மஃரிப் தொழுகைக்குப் பின் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மணவூர் நிலையத்தில் அரக்கோணம் மின்சார ரயில் நின்று புறப்பட்ட ஓசை கேட்டது. சற்று நேரத்தில் ஓர் இளைஞர் மதரஸாவின் வாயிற்படியில் வந்து நின்றார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர்; இப்போது தையற்கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஏழாம் மாதம் முடிவதற்குள் பிறந்துவிட்ட பிள்ளை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

“ஹஜ்ரத், பிள்ளைக்கு இதயத்துப் பக்கம் ஏதோ ஒரு குழாய் மூடிக்கொள்ளவில்லையாம். இந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். சம்மதம் என்றால் நாளைக் காலையில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள்” என்று நான்கு பக்கத் தாள்களை நீட்டினார்.

படித்தேன். அது ஒரு மருத்துவ ஆய்வுக்கான ஒப்புதல் படிவம். ஆய்வில் சேரும் குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து கொடுக்கப்படும். மற்றொரு பிரிவினருக்கு மருந்து கொடுக்காமல், அன்றாடம் கண்காணித்துக் காத்திருப்பார்கள். எந்தக் குழந்தை எந்தப் பிரிவில் சேரும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் கணிப்பொறி முடிவு செய்யும். இதை நான் எளிய தமிழில் சொன்னதும் இளைஞரின் முகம் வாடிவிட்டது.

“சீட்டுக் குலுக்கியா ஹஜ்ரத் வைத்தியம் பார்ப்பது? ஏழைப் பிள்ளை என்பதால் சோதனை செய்து பார்க்கிறார்களா?”

‘வேண்டாம் தம்பி’ என்னும் சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அப்படியே ஏற்றிருப்பார். ஆனால் எதை அறிந்து நான் அதைச் சொல்வது? தொழுகையின் சட்டத்தை அறியாமல் ஒருவர் தீர்ப்புச் சொன்னால் நாம் ஏற்போமா? “இஷாவுக்குப் பின் வாருங்கள்” என்று அனுப்பிவிட்டு, என்னோடு பள்ளியில் பயின்று, இப்போது குழந்தை மருத்துவராயிருக்கும் நண்பருடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். அன்றும் பின்னரும் நான் அறிந்துகொண்டவற்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். இன்று அவருக்கு வந்த தாள் நாளை நம்முள் எவர் வீட்டுக்கும் வரலாம்.

அந்தக் குழாய் எது?

கருவறையில் இருக்கும் சிசு தன் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை; அதற்கு வேண்டிய உயிர்வளியைத் தாயின் இரத்தமே தருகிறது. ஆகவே நுரையீரலுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்ல வேண்டியதில்லை. நுரையீரலுக்குச் செல்லும் நாளத்தையும் உடலுக்குச் செல்லும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாயை அல்லாஹ் அங்கே அமைத்திருக்கிறான். அதன் வழியே இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துச் செல்கிறது. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் அந்தக் குழாயின் பணி முடிந்துவிடுகிறது. நிறைமாதக் குழந்தைக்குச் சில நாட்களில் அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும். மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு அது திறந்தே இருந்துவிடுகிறது. அப்போது இரத்தம் மிகுதியாக நுரையீரலுக்குள் பாய்ந்து மூச்சுக்கும் இதயத்துக்கும் சுமையாகிறது.

திறந்திருப்பதை மூடுவதுதானே முறை? மருத்துவர்களும் பல்லாண்டுகள் அப்படியே எண்ணினர். 1970களிலிருந்து மருந்து கொடுத்து மூடினர். மருந்து பயனளிக்காதபோது அறுவை சிகிச்சை செய்தனர். ஆனால் அம்மருந்துகள் சிறுநீரகத்தையும் குடலையும் பாதிக்கக்கூடியவை. பல குழந்தைகளுக்குக் காலப்போக்கில் குழாய் தானாகவே மூடிக்கொள்வதும் தெரிய வந்தது. அப்படியானால் உடனே மருந்து கொடுப்பது நன்றா, காத்திருப்பது நன்றா? நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் நாடுகளில் 273 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, காத்திருப்பது தாழ்ந்த முறையன்று என்று காட்டியது. பிரிட்டனில் 653 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்திலேயே மருந்து கொடுத்ததால் இறப்போ கடுமையான நுரையீரல் பாதிப்போ குறையவில்லை என்று கண்டது. இதனால் எந்தக் குழந்தைக்கும் மருந்தே வேண்டாம் என்று பொருளன்று. எந்தக் குழந்தைக்கு எப்போது வேண்டும் என்னும் கேள்வி இன்னும் முடியவில்லை என்பதே பொருள்.

“மருத்துவருக்கே தெரியாதா?” என்று நம் தாய்மார்கள் கேட்கக்கூடும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மருத்துவரே நம்பத் தகுந்தவர். தெரிந்ததாக எண்ணிச் செய்ததால் நேர்ந்த துன்பத்துக்கு ஒரு சான்று கூறுகிறேன்.

நல்லெண்ணம் மட்டும் போதாது

1940களில் மேலை நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு உயிர்வளியைத் தாராளமாகக் கொடுத்தனர். மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்குக் காற்று கொடுப்பதில் யார் குற்றம் காண்பார்? ஆனால் அக்குழந்தைகளுள் பலர் பார்வையிழந்தனர். உலகெங்கும் சுமார் 10,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. 1953-இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் ஒன்றுகூடி, மிகுதியாகக் கொடுத்த குழந்தைகளையும் அளவோடு கொடுத்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மிகுதியான உயிர்வளியே காரணம் என்பது உறுதியாயிற்று.

நம் சென்னையோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உடலை மூன்று நாட்கள் குளிர்வித்து வைப்பது, செல்வ நாடுகளில் உயிர்காக்கும் மருத்துவமாக நிலைபெற்றுவிட்டது. நம் நாட்டுக்கும் அது பொருந்துமா? இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ஆய்ந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளும் அவற்றுள் அடங்கும். 2021-இல் வெளியான முடிவு அனைவரையும் திகைக்க வைத்தது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 31 பேர். லண்டன் குழந்தையைக் காத்த முறை நம் மண்ணின் குழந்தைகளைக் காக்கவில்லை. அந்த 408 குடும்பங்கள் ஒப்பியிராவிட்டால், அம்முறை இங்கும் நன்மையே செய்கிறது என்ற நம்பிக்கையிலேயே இன்னும் எத்தனை மருத்துவமனைகள் அதைக் கையாண்டுகொண்டிருக்கும்?

மகிழ்ச்சியான சான்றும் உண்டு. எடை மிகக் குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டி வைக்கும் முறை 1978-இல் கொலம்பியா நாட்டில் தொடங்கியது. குழந்தையின் உடல்நிலை சீரான பின்பே அவ்வாறு செய்வது வழக்கமாயிருந்தது. பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளிடம் ஆய்ந்தனர். இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 16-இலிருந்து 12-ஆகக் குறைந்தது. ஆய்வைத் தனியே நின்று கண்காணித்த குழுவினர், இவ்வளவு தெளிவான நன்மையை இனி மற்றக் குழந்தைகளுக்கு மறுப்பது தகாது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினர். தாயின் மார்பைவிடச் சிறந்த தொட்டில் இல்லை என்பது இன்று கணக்கிட்டு அறிந்த உண்மை.

சீட்டுக் குலுக்கல் கூடுமா?

இனி அந்த இளைஞரின் நெஞ்சைக் குத்திய கேள்விக்கு வருவோம். ஏன் சீட்டு? மருத்துவரே பார்த்துப் பிரித்தால் ஆகாதா? பிரிப்பவர் மனிதர், தம்மையறியாமலேயே வலுவான குழந்தைகளை ஒரு பக்கமும் நலிந்தவர்களை மறு பக்கமும் சேர்த்துவிடக்கூடும். பிறகு எந்த முறை சிறந்தது என்பதை எப்படி அறிவது? எவர் விருப்பமும் புகாதபடி பிரிக்கவே சீட்டு.

மாயிதா அத்தியாயத்தில் விலக்கப்பட்ட குறி பார்க்கும் அம்புகளோடு சிலர் இதைக் குழப்பிக்கொள்வர். அது மறைவான விதியை அறிய முயல்வது. சூதாட்டமோ பிறர் பொருளைப் பறிப்பது. சம உரிமை உடையவர்களிடையே ஓரவஞ்சனையின்றி முடிவு செய்யச் சீட்டிடுவது வேறு. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியருள் எவரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டிட்டே முடிவு செய்வார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு எவருக்கு என்பதை முடிவு செய்ய எழுதுகோல்களை எறிந்த நிகழ்ச்சியை ஆலு இம்ரான் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். இரு முறைகளுள் எது சிறந்தது என்பது உண்மையிலேயே தெரியாதபோதுதான் ஆய்வில் சீட்டுக்கு இடமுண்டு. ஒன்று சிறந்தது என்று தெரிந்த பிறகு சீட்டிடுவது அநீதி. இது என் விளக்கமே, ஃபத்வா அன்று. ஐயமுள்ளோர் தம் ஊர் ஆலிம் பெருமக்களை அணுகுக.

ஒப்பிட்டு ஆராயும் இச்சிந்தனை நமக்குப் புதியதும் அன்று. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை ராஸி, மூளைக் காய்ச்சல் கண்டோருள் ஒரு பிரிவினருக்குக் குருதியை வெளியேற்றியும், மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டும் பார்த்ததாகத் தம் ‘ஹாவி’ நூலில் எழுதினார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. அவர் கேட்ட கேள்வியை ஏற்றுக்கொண்டது. முன்னோர் பெருமையைப் பேசி மகிழும் நாம், அக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் கதவை அடைத்துக்கொள்ளலாமா?

கேட்பது நம் உரிமை

அதற்காக, நீட்டிய தாளிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுங்கள் என்று நான் கூறமாட்டேன். அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான பழங்குடிச் சிறுமியர்க்கு ஒரு தடுப்பூசித் திட்ட ஆய்வு நடைபெற்றது. பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்ட படிவங்கள் பல இருந்தது பின்னர் வெளிவந்தது. 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. சிறுமியர் சிலரின் இறப்புக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆயினும் பெற்றோரைக் கேளாமல் பிள்ளையின் பெயரால் பிறர் ஒப்பமிட்டது பெருங்குற்றமே. விடுதியும் மதரஸாவும் நடத்தும் நம்மவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பெற்றோரின் இடத்தில் நின்று ஒப்பமிடும் உரிமை ஆசிரியனுக்கு இல்லை.

இன்று விதிகள் வலுவாக உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளும் பெற்றோர்க்குக் கேட்கும் உரிமையைத் தந்துள்ளன. படிவம் வந்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இந்த ஆய்வில் சேராவிட்டால் என் பிள்ளைக்குக் கிடைக்கும் மருத்துவம் என்ன? இரண்டாவது, இதனால் வரக்கூடிய தீங்கு எது, நன்மை எது? மூன்றாவது, இடையில் விலகிக்கொள்ளலாமா? நான்காவது, ஆய்வினால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? ஐந்தாவது, இதற்கு ஒப்புதல் அளித்த அறநெறிக் குழு எது, அதனுடன் தொடர்புகொள்வது எப்படி? படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதன் படி ஒன்று நம் கையில் தரப்பட வேண்டும். ஏழு வயதைக் கடந்த பிள்ளையானால் அதனிடமும் எடுத்துச் சொல்லி அதன் இசைவைக் கேட்க வேண்டும். விடை சொல்ல மறுப்பவரிடம் கையொப்பத்தை மறுப்பதில் தவறில்லை.

அன்றிரவு இளைஞர் மீண்டும் வந்தபோது, ‘சேருங்கள்’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் நான் கூறவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “உங்கள் வீட்டாரையும் கலந்து முடிவு செய்யுங்கள், பிள்ளையைச் சுமந்தவர் அவரே” என்றேன். மறுநாள் அந்தத் தாயே முதல் கேள்வியை மருத்துவரிடம் கேட்டாராம். “சேராவிட்டாலும் இதே கட்டிலில், இதே கவனிப்போடு பார்ப்போம் அம்மா” என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினாராம். ஐந்துக்கும் விடை பெற்ற பின் இருவரும் ஒப்பினர். சீட்டில் அவர்கள் பிள்ளைக்குக் காத்திருக்கும் பிரிவு வந்தது. சில வாரங்களில் குழாய் தானாக மூடிக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதைக் கேட்டு, காத்திருப்பதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது ஒரு பிள்ளையின் கதை. ஒரு பிள்ளையின் கதையை வைத்து உலகுக்கெல்லாம் மருத்துவம் சொல்லும் பழக்கத்திலிருந்து நம்மை மீட்பதற்காகவே நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கணக்கு தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில் நம் பிள்ளையையும் சேர்ப்பதா என்பதைப் பெற்றோர் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் பெயரால் நாம் இடும் கையொப்பமும், நாம் மறுக்கும் கையொப்பமும் அமானிதமே. இரண்டையும் அறிந்து செய்யும் பேற்றை அவன் நமக்கு அருள்வானாக, ஆமீன்.