போன் எடுத்ததற்கு எதுக்குங்க காசு?

(கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், அல்லது போகப் போகிறார்கள் என்றால், பொறுமையாகப் படியுங்கள்.)

நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு வாக்குவாதம். மகனைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் ஒரு தம்பதி, "அங்கே போனால் போன் செலவைக் குறைக்க என்ன வழி?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கு ஒரு அன்பர் போட்ட பதில்: "லட்சக்கணக்குல டிக்கெட் போட்டுப் போறீங்க. ரோமிங் பேக்குக்கு மூவாயிரம் குடுக்க மனசு வரலீங்களா?" அதற்குக் கீழே பத்துப் பேர் சிரிப்பு பொம்மை.

சிரித்த அந்தப் பத்துப் பேருக்குத்தான் இந்தப் பதிவு. முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு, தப்பான விடைக்குக் கைதட்டல் கிடைத்தால் தாங்காது.

முதலில், வெளிநாடு போகிறவர்கள் யார் என்று பாருங்கள். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சார்ஜா விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பாதிப் பேர் சுற்றுலாப் பயணிகள் இல்லை. வெல்டர், டிரைவர், கட்டட வேலைக்காரர், ஓட்டல் ஊழியர். சிங்கப்பூர் வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அது மகளின் பிரசவம் பார்க்கும் பயணம். டிக்கெட்டை மாப்பிள்ளை எடுத்திருப்பார். பாட்டியின் கையில் இருப்பது முதியோர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம். திருப்பூருக்கு ஆர்டர் பிடிக்கப் போகும் சின்ன பனியன் கம்பெனிக்காரருக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. இவர்களை எல்லாம் "பணக்காரர்கள், கொடுக்கட்டும்" என்று ஒரே கூடையில் போடுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது, கேள்வி மூவாயிரமா முந்நூறா என்பது இல்லைங்க. எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

போன வருடம் நான் மகன் வீட்டில் இருந்தபோது ஊரில் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுத்தாக வேண்டிய நேரம். நடு இரவில் மணி அடித்தது. பதறி எடுத்தால், "சார், பர்சனல் லோன் வேணுங்களா?" நான் யார், எங்கே இருக்கிறேன் என்று சொல்லி வைப்பதற்குள் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குப் பிடித்த தொகையில் சோமனூர் சந்தையில் ஒரு வாரத்துக்குக் காய் வாங்கலாம். அழைத்தது அவர்கள். காசு கொடுத்தது நான்.

"அங்கத்த கம்பெனிக்கு நம்ம கம்பெனி பணம் கட்டணுமே, வேற என்ன செய்வாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உண்மைதான், வெளிநாட்டு நிறுவனத்தின் கோபுரத்தை நம் போன் பயன்படுத்தினால் அதற்கு நம் நிறுவனம் அவர்களுக்கு மொத்த விலை ஒன்று கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மொத்த விலை என்ன, அதன் மேல் எத்தனை மடங்கு ஏற்றி நம்மிடம் வாங்குகிறார்கள் என்று நமக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அதுதான் ரகசியம்.

இந்த "வேறு வழி இல்லை" என்ற வசனத்தை நான் என் வாழ்நாளில் இது மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

முதல் முறை: 1995-ல் இந்தியாவுக்கு செல்போன் வந்தபோது, வருகிற அழைப்புக்கும் காசு. யார் கூப்பிட்டாலும் எடுத்தவன் தலையில் மீட்டர் ஓடும். கேட்டால், "நெட்வொர்க் செலவு, வேறு வழி இல்லை." 2003-ல் கூப்பிடுகிறவர்தான் கட்ட வேண்டும் என்ற முறை வந்தது. எந்தக் கம்பெனியும் அதனால் கடையைச் சாத்தவில்லை. அதற்குப் பிறகுதான் தறிக்காரர் கையிலும் தக்காளி வியாபாரி கையிலும் போன் வந்தது.

இரண்டாவது முறை: உள்நாட்டு ரோமிங். மறந்துவிட்டீர்களா? நம்ம ஊரில் பஸ் ஏறி வாளையாறு தாண்டினால் போதும், "கேரளத்துக்கு வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி வரும். அதோடு போனை எடுத்தாலே காசு. பாலக்காட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள் எல்லாம் மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம் அது. அப்போதும் "வேறு வழி இல்லை" என்றுதான் சொன்னார்கள். 2013 ஜூலையில் டிராய், ரோமிங்கில் வரும் அழைப்புக்கான உச்சவரம்பை நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசிலிருந்து 75 காசாக்கியது. 2015 மே மாதம் அதை 45 காசாக்கியது. அதே 2015 ஜூன் 15 முதல் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. 2016-ல் ஜியோ வந்தது. 2017-ல் மற்ற பெரிய நிறுவனங்களும் கட்டணத்தைத் தூக்கிவிட்டன. இன்று காஷ்மீரில் நின்று போனை எடுத்தாலும் ஒரு காசு கிடையாது.

அந்தக் காஷ்மீர் இங்கிருந்து எத்தனை ஆயிரம் கிலோமீட்டர்? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அந்த முப்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் பழைய மீட்டர் மறுபடி ஓடுகிறது. கோபுரத்துக்குத் தூரம் தெரியாதுங்க. எல்லை தெரிந்தது கல்லாப்பெட்டிக்குத்தான்.

"சரி, அது ஒரே நாடு. வேறு வேறு நாட்டுக்குள் இது நடக்குமா?" நடந்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே உச்சவரம்பு போட்டது. ரோமிங்கில் அழைக்க நிமிடத்துக்கு 49 யூரோ சென்ட், அழைப்பை ஏற்க 24 சென்ட், அதற்கு மேல் வாங்கக் கூடாது. பத்து வருடம் படிப்படியாக இறக்கி, 2017 ஜூன் 15 முதல் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே ஒழித்தார்கள். எப்படி முடிந்தது? நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்தது. 2017-ல் ஒரு ஜிபி டேட்டாவுக்கு 7.70 யூரோ என்று தொடங்கி, 2022-ல் 2 யூரோ, 2027-ல் 1 யூரோ என்று இறங்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன ரகசியம் அங்கே அரசிதழில் அச்சாகி இருக்கிறது.

"ஐரோப்பா ஒரு கூட்டணி, அவர்களோடு நம்மை ஒப்பிடலாமா?" சரி, ஆசியாவுக்கே வாருங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் தனித்தனி நாடுகள். 2011-ல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, தங்களுக்கிடையே ரோமிங் கட்டணத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டன. வளைகுடா நாடுகள் ஆறும் 2016-ல் தங்களுக்குள் கட்டணத்தைக் குறைத்தன. அங்கே கூலி வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஓமனிலிருந்து துபாய் போனால் ஒரு கட்டணம், துபாயிலிருந்து தாய் வீட்டுக்கு வந்தால் வேறு கட்டணம்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் அந்தச் சட்டக் கட்டாயம் போயிற்று. 2022-ல் ஈ.ஈ., வோடஃபோன், த்ரீ ஆகிய பெரிய நிறுவனங்கள் ஐரோப்பிய ரோமிங் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. அதே கோபுரம், அதே கம்பி. சட்டம் போனது, கட்டணம் வந்தது. அது செலவுக்கணக்கா ஆசைக்கணக்கா என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? 2020 மே மாதம் டிராய் சர்வதேச ரோமிங் பற்றி ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. எதிர்பாராத பில் வந்து அதிர்ந்தவர்களின் குறை அங்கேயும் எட்டியிருக்கிறது. ஆனால் உள்நாட்டு ரோமிங்கில் காட்டிய அந்தக் கறாரான உச்சவரம்பை வெளிநாட்டு ரோமிங்கில் இன்னும் பார்க்கவில்லை. காரணம் எளிது. வாளையாறு தாண்டுகிறவன் வந்து ஓட்டுப் போடுவான். சார்ஜாவில் இருக்கிறவன் ஓட்டுப் போட வர முடியாது.

2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் நம் யு.பி.ஐ. செல்லும் என்று பெருமையாக அறிவித்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் கொழும்புக் கடையில் அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்ய என் போனில் இணையம் வேண்டுமே? இந்திய சிம் போனில் இருக்க வேண்டுமே? பணம் கடல் தாண்ட ஒப்பந்தம் போட்ட அரசுக்கு, அழைப்பு கடல் தாண்ட ஒப்பந்தம் போடத் தெரியாதா?

"வாட்ஸ்அப் இருக்கு, அப்புறம் எதுக்கு இந்தப் புலம்பல்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கண்ணுகளா, அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற சில செயலிகளில்தான் பேச்சு. ஊரில் இருக்கும் அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். எல்லாவற்றுக்கும் மேலே, வங்கியின் ஓ.டி.பி. வாட்ஸ்அப்பில் வராது, இந்திய எண்ணுக்குத்தான் வரும். அக்காவின் மருத்துவமனைக்குப் பணம் அனுப்ப நான் உட்கார்ந்தபோது, பணம் இருந்தது, இணையம் இருந்தது, ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. வங்கியைக் கேட்டால் போன் கம்பெனியைக் கை காட்டினார்கள். அவர்கள் வங்கியைக் கை காட்டினார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் கணக்கிலிருந்து கட்டினார். நம் ஓய்வூதியம், ஆதார், வங்கி எல்லாவற்றையும் ஒரு சிம் கார்டில் கட்டிவிட்டு, அந்த சிம்மை வெளிநாட்டில் உயிரோடு வைத்திருக்கத் தனிக் கட்டணம் கேட்பதைத்தான் நான் கொள்ளை என்கிறேன்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க முடியாது. கிளம்பும் அந்தத் தம்பதிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்:

1. விமானம் ஏறும் முன் "டேட்டா ரோமிங்" அணைத்திருக்கிறதா என்று பாருங்கள். விமானத்துக்குள் ஃபிளைட் மோடு கட்டாயம். சில விமானங்களில் தனி நெட்வொர்க் உண்டு. போன் அதில் ஒட்டிக்கொண்டால் அதற்கும் கட்டணம்.

2. ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் அந்த நாட்டு சிம் அல்லது இ-சிம் வாங்குங்கள். இரட்டை சிம் போனில் இந்திய சிம்மும் இருக்கட்டும். டேட்டா மட்டும் அந்த நாட்டு சிம்மில் ஓடட்டும்.

3. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே செயல்படுத்துங்கள். குறுஞ்செய்தி வாங்க இலவசமா, பேக் தேவையா என்று உங்கள் நிறுவனத்தின் செயலியில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓ.டி.பி. வந்தால் படியுங்கள். தெரியாத அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம்.

4. ஆறு மாதம் போகிறவர்கள் டேட்டா இல்லாத, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள நீண்ட நாள் ரீசார்ஜைக் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த விதிப்படி இப்படித் திட்டம் இருந்தே ஆக வேண்டும். 365 நாள் வரை இருக்கலாம். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

5. 90 நாள் பயன்பாடே இல்லாமல் விட்டால் எண்ணை முடக்கலாம், பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் செய்வார்கள். உங்கள் வங்கி ஓ.டி.பி. அவருக்குப் போகும். இதை மட்டும் அசட்டையாக விடாதீர்கள்.

6. வாட்ஸ்அப் உங்கள் இந்திய எண்ணிலேயே இருக்கட்டும். சிம் மாற்றியதும் "எண்ணை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

7. அங்கேயே வேலை பார்க்கும் பிள்ளைகள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கில் அந்த நாட்டு எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. பயன்படுத்தலாம். 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தது. உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள்.

இதெல்லாம் ஓட்டைக் குடைக்கு ஒட்டுப் போடும் வேலை. கேட்க வேண்டியது வேறு.

ரோமிங்கில் அழைப்பை ஏற்கும் கட்டணத்துக்கு டிராய் உச்சவரம்பு வைக்க வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய நாடுகளோடு மொத்த விலை ஒப்பந்தத்தை மத்திய அரசு தொடங்க வேண்டும். நம் மக்கள் அதிகம் போவது அங்கேதான். ஐரோப்பாவில் 2010 முதலே டேட்டா ரோமிங் பில் 50 யூரோவைத் தொட்டால் தானாக இணைப்பு நிற்கும், வாடிக்கையாளர் சம்மதித்தால்தான் தொடரும். அந்தத் தடுப்பு இங்கேயும் வேண்டும். வங்கிகள் குறுஞ்செய்தியை மட்டும் பிடித்துத் தொங்குவதை விட வேண்டும். ரிசர்வ் வங்கியே 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளில் மற்ற வழிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இனி வங்கிகளுக்குச் சாக்கு கிடையாது.

அந்த அன்பருக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் சிரித்தது அந்தத் தம்பதியைப் பார்த்து. நாளைக்கு உங்கள் பேரன் படிக்கப் போவான். அவனைப் பார்க்க நீங்களும் போவீர்கள். நடு இரவில் போன் அடிக்கும்போது, எடுக்கலாமா வேண்டாமா என்று உங்கள் விரல் ஒரு நொடி தயங்கும். ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்ற பயத்தோடு சேர்ந்து, எவ்வளவு பிடிப்பானோ என்ற பயமும் வரும். அந்த இரண்டாவது பயத்தை ஒழிக்க முடியும். இரண்டு தடவை ஒழித்திருக்கிறோம்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டிராய் கருத்துக் கேட்கும்போது எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் எழுதுங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் இதைப் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். சிரிப்பு பொம்மை மட்டும் வேண்டாம்.

– ஓய்வு பெற்ற ஆசிரியர், கருமத்தம்பட்டி