காலைக் குளிரில் உதைக்கும் கியர் பாக்ஸ்

சூடாக இருக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்து, குளிரில் மட்டும் வரும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு ஒரு பதிவா என்று கேட்காதீர்கள். தில்லி, நொய்டா பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி போட்டு, காபி கொடுத்து உட்கார வைக்கும் சர்வீஸ் சென்டர்களிலேயே இது இன்னும் புரிந்தபாடில்லை.

விஷயம் என்னவென்றால், ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கு ஆட்டோமேட்டிக் வண்டியைக் கிளப்பி 'டி'யில் போட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். நாலைந்து கிலோமீட்டர் போனதும் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சானிடம் சொன்னால், "என் வண்டில அப்படி ஒண்ணும் இல்லையே மாப்ள" என்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்? 2021 புத்தாண்டு அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 1.1 டிகிரி. அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் மட்டுமா கெட்டியாகும்? கியர் பாக்ஸ் எண்ணெயும்தான்.

ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். ஆட்டோமேட்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல ஜாதி உண்டு. 2014-ல் செலேரியோவில் வந்து பிரபலமான ஏஎம்டி, உண்மையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அது கோடையிலும் கொஞ்சம் தலையாட்டும். சிவிடி, இரட்டை கிளட்ச் எல்லாம் வேறு கதை. நான் பேசுவது டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக் பற்றி. இதில் எண்ணெய் வெறும் உயவுக்கு மட்டும் இல்லை. எஞ்சின் சக்தியைக் கடத்துவது, உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது எல்லாமே எண்ணெய்தான். அதனால் எண்ணெய் கெட்டியானால் கியர் மாறும் விதமும் மாறத்தான் செய்யும்.

ஆகவே எல்லாக் குலுக்கலும் கோளாறு இல்லை. குளிரில் கிளப்பியவுடன் எஞ்சின் ஆர்பிஎம் வழக்கத்தைவிட அதிகமாக ஓடும். அந்த நேரத்தில் 'டி'யில் தள்ளினால் கொஞ்சம் தட்டும். முள் இறங்கும்வரை அரை நிமிடம் பொறுத்தால் பாதி சத்தம் போய்விடும். முதல் சில நிமிடங்களுக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கியரை இழுத்துப் பிடித்து லேட்டாக மாற்றும். எண்ணெயும் சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக அப்படி. இதற்குப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. 'டி'யில் போட்டு இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே நடக்காமல் பிறகு தடாலென்று பிடிப்பது. கியர் மாறும் இடைவெளியில் ஆர்பிஎம் சும்மா எகிறுவது. போன குளிர்காலத்தில் இல்லாதது இந்த வருடம் வந்து, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது.

என் வண்டியில் இந்த மூன்றும் இருந்தன. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன் (பெயர் எதற்கு, எல்லா இடத்திலும் இதே கதைதான்). வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் கியர் பாக்ஸ் குளித்து முடித்து இட்லி சாப்பிட்ட குழந்தை மாதிரி சமர்த்தாகிவிட்டது. அட்வைசர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "எல்லாம் நார்மல் சார்" என்றார். ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், காலையில் கிளப்பிப் பாருங்கள் என்றால், "அதுக்கு பாலிசி இல்ல சார்". இரண்டாவது தடவை போனபோது, அதே மாதிரி சூடான வண்டியை ஓட்டிவிட்டு, "வால்வ் பாடி போயிருக்கும், கியர் பாக்ஸ் அசெம்பிளியே மாத்திடறது நல்லது" என்று இரண்டரை லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். முதலில் ஒன்றுமே இல்லை, பதினைந்து நாளில் எல்லாமே போச்சு! நடுவில் யாரும் எண்ணெய் அளவைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் பார்த்தது மாயாபுரிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் உஸ்தாத். அவர் கேட்ட முதல் கேள்வியே "சார்ஜி, ராத்திரி விட்டுட்டுப் போக முடியுமா?" என்பதுதான். வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் திரும்பினேன். மறுநாள் காலை நான் போகும்வரை கிளப்பவில்லை. கிளப்புவதற்கு முன்பே ஸ்கேனரை மாட்டி, கியர் பாக்ஸ் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்தார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது எஞ்சின் தண்ணீரின் வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே 6 டிகிரி இருக்கும்போது சென்சார் 60 என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பி சூடான எண்ணெய்க்கான அழுத்தத்தைக் கொடுக்கும், வண்டி உதைக்கும். அப்படியானால் ஒரு சென்சாரோடு செலவு முடிந்தது. என் வண்டியில் சென்சார் யோக்கியம்.

அடுத்து எண்ணெய் அளவு. இப்போதைய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்துக்கு (பல கியர் பாக்ஸ்களில் 35-லிருந்து 45 டிகிரிக்குள்) வரும்போது அளவுத் துளையைத் திறந்து, லேசாகச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகச் சூடான பிறகு திறந்தால், விரிந்த எண்ணெய் குபுகுபுவென்று கொட்டும். "ஃபுல்லா இருக்கு சார்" என்பார்கள். இருந்ததும் குறைந்து போயிருக்கும். உஸ்தாத் சரியான சூட்டில் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. முக்கால் லிட்டருக்கு மேல் குறைவு. ஆக்சில் சீல் வழியாக மெதுவாகக் கசிந்து, அடித்தட்டின் மேல் தங்கியிருக்கிறது. அதனால்தான் பார்க்கிங்கில் கறை விழவில்லை. குளிரில் எண்ணெய் சுருங்கும்போது பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது, சூடானதும் மட்டம் ஏறிச் சரியாகிவிடுகிறது. சீல், கம்பெனி சொன்ன அதே ரகப் புது எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து பதினோராயிரம்.

எல்லோருக்கும் இதே வியாதி என்று சொல்லவில்லை. எஞ்சின் மவுண்ட் ரப்பர் இறுகியிருக்கலாம். குளிரில் பேட்டரி செத்துப் புதிது மாட்டியதில், சில வண்டிகளில் கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த அளவுகள் அழிந்து, கொஞ்ச நாள் உதைக்கலாம். நிஜமாகவே வால்வ் பாடி போயிருக்கவும் செய்யலாம். ஆனால் அது கடைசியில் வரவேண்டிய சந்தேகம், முதலில் இல்லை.

இன்னொரு எரிச்சல், "லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்" என்ற வசனம். யாருடைய லைஃப்? கியர் பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. தில்லி டிராஃபிக்கில் ஓடும் வண்டிக்கு அதைவிட முன்னாலேயே மாற்றலாம் என்பது என் கட்சி.

கடைசியாக, தில்லிப் பதிவெண் ஆட்டோமேட்டிக் மலிவாக வருகிறது என்று ஊரில் வாங்க நினைப்பவர்களுக்கு. இந்த வியாதி சென்னை வெயிலில் வெளியே தெரியாது. முடிந்தால் இங்கேயே, டிசம்பர் ஜனவரியில், அதிகாலையில் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போனவுடன் பானெட்டில் கை வைக்கட்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்னாடியே ஒரு ரவுண்டு அடித்துவிட்டார் என்று அர்த்தம். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், டீ கொடுத்தால் குடித்துவிட்டு :-)