நாடகத்திற்கும் ஒரு பருவம் வேண்டும்

யாழ்ப்பாணத்தில் நவீன நாடகம் என்பது பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதின் நிகழ்வாகவே இருந்து வருகிறது. மாதக்கணக்கில் ஒத்திகை நடைபெறும். ஒரு நாள், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு நாள், மேடையேற்றம். அதன் பின்னர் உடுப்புகள் பெட்டிக்குள் போய்விடும். நடிகர்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்பிவிடுவார்கள். பத்திரிகையில் விமர்சனம் வெளிவரும் ஞாயிற்றுக்கிழமையன்று, அதைப் படித்துவிட்டுப் பார்க்கப் போவதற்கு நாடகம் இருக்காது. இல்லாத ஒன்றைப் பற்றியே நாங்கள் ஆண்டுக்கணக்காக விமர்சனம் எழுதி வந்திருக்கிறோம்.

எமது மண்ணுக்கு நாடகப் பருவம் புதிதல்ல. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து, அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேற்றியவர். கோயில் திருவிழாக் காலமே அவரது குழுவின் பருவம். ஊரார் பணம் சேர்த்து அழைத்தார்கள். கலைஞருக்கு ஊதியம் கிடைத்தது. ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்ப நடித்ததனால் நடிப்பு முதிர்ந்தது. கதை தெரிந்தவர்களே மீண்டும் மீண்டும் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்தார்கள்.

நவீன நாடகம் இந்த அத்திவாரத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரி, முறையான பயிற்சி பெற்ற ஒரு நடிகர் பரம்பரையை உருவாக்கியது. அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேடையேறி, பின்னர் கிராமங்களுக்கும் சென்றது. போர் தீவிரமடைந்துகொண்டிருந்த காலத்திலேயே அது சாத்தியமாயிற்று. நாடகமும் அரங்கியலும் பரீட்சைக்குரிய பாடமாகவும் ஆயிற்று. ஆனால், பாடத்திற்கு மாணவர் கிடைத்த அளவுக்கு மேடைக்குப் பார்வையாளர் கிடைக்கவில்லை. இன்றைய இளைஞர் பலர் அந்த நாடகத்தை அச்சுப் பிரதியாகவே அறிவர்.

அதே 1985ஆம் ஆண்டில், கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள ஹெக்கோடு என்னும் சிற்றூரில், நீனாசம் என்ற அமைப்பு ஒரு சுற்றுலா நாடகக் குழுவைத் தொடக்கியது. ‘திருகாட்ட’ என்பது அதன் பெயர். சுற்றித்திரிதல் என்று பொருள். ஆண்டுதோறும் இரண்டு மூன்று நாடகங்களைத் தயாரித்துக்கொண்டு, சம்பளம் பெறும் நடிகர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்கிறார்கள். உள்ளூர் அமைப்புகள் அவர்களை வரவழைக்கின்றன. நீனாசத்தைக் கட்டியெழுப்பிய கே. வி. சுப்பண்ணாவுக்கு 1991இல் மக்சேசே விருது கிடைத்தது. அவர் 2005இல் மறைந்த பின்னரும் குழுவின் பயணம் நிற்கவில்லை. தனிமனிதரின் ஆற்றல் அமைப்பாக மாறினால்தான் இது நடக்கும்.

தொலைவுக்குப் போகவும் தேவையில்லை. பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் மேடையேறியது. தமிழ்க் கூத்தின் சாயலை உள்வாங்கிய அந்தச் சிங்கள நாடகம் தலைமுறைகள் கடந்தும் மேடையேறி வருகிறது. கூத்தின் சொந்தக்காரர்களாகிய நாம் எமது எந்த நவீன நாடகத்தை அவ்வாறு உயிரோடு வைத்திருக்கிறோம்?

போர் காரணமில்லையா என்று கேட்கலாம். காரணம்தான். நடிகர்கள் சிதறினார்கள், பார்வையாளர்கள் இடம்பெயர்ந்தார்கள். ஆனால், போர் முடிந்தது 2009இல். அதன் பின்னர் வந்த பணத்தின் பெரும்பகுதி கருத்திட்டப் பணம். ஒரு விழிப்புணர்வு நாடகம், ஓர் அறிக்கை, சில ஒளிப்படங்கள் என்பதோடு கணக்கு முடிந்துவிடும். அத்தகைய பணத்தால் ஒரு மேடையேற்றம் நிகழலாம். ஒரு நாடகக் குழு வளர முடியாது.

இந்திய உதவியுடன் யாழ்ப்பாணத்தில் கட்டப்பட்ட கலாசார மையம் 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 600 பேர் அமரக்கூடிய அரங்கு அதிலுண்டு. 2025 ஜனவரியில் அதன் பெயர் மாற்றப்பட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பெயர் பற்றிய கவலையில் நியாயமுண்டு. ஆனால், அந்த அரங்கில் ஆண்டுக்கு எத்தனை மாலைகள் தமிழ் நாடகத்துக்கு உரியவை என்ற வினா அதே வேகத்தில் எழவில்லை. சண்முகலிங்கம் மாஸ்டர் மறைந்ததும் அதே மாதத்தில்தான்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. ஒரு குழு, ஆண்டுக்கு மூன்று நாடகங்கள், அவற்றுள் ஒன்று பழையது, ஒன்று புதியது, ஒன்று சிறுவருக்கானது. தைப்பொங்கலுக்குப் பின்னர் மழை ஓய்ந்த மூன்று மாதங்களில், யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு எனச் செல்லட்டும். நுழைவுச்சீட்டு விற்கப்பட வேண்டும். இலவசமாகப் பார்க்கும் நாடகத்தை எவரும் தமது நாடகமாகக் கருதுவதில்லை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கை நடிகரின் மாதச் சம்பளத்துக்கு ஒதுக்கினால், மண்டபங்களுக்கும் ஓர் அர்த்தம் பிறக்கும். கட்டடத்தில் கொடையாளரின் பெயரைப் பொறிக்கலாம். நடிகரின் சம்பளத்தில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள ஒரே இடர்ப்பாடு.