பூட்டிய வீட்டுக்கும் ஒரு ஓட்டு

என் கல்லூரித் தோழர் ஒருவர் முப்பது வருடங்களாக நியூயார்க்வாசி. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் ஏரிக்கரையோரம் சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போட்டிருக்கிறார். கோடையில் வாரக் கடைசிக்குப் போவதோடு சரி. பனிக்காலம் முழுக்க வீடு பூட்டித்தான் கிடக்கும். சமீபத்தில் தில்லி வந்திருந்தபோது, அந்த ஊரின் பட்ஜெட்டுக்குத் தான் ஓட்டுப் போட்டதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "நீங்கள் நியூயார்க்கில் அல்லவா வாக்காளர்?" என்று கேட்டேன். "அங்கேயும்தான்" என்று சிரித்தார்.

இதில் கள்ள ஓட்டு எதுவும் இல்லை. கனெக்டிகட் சட்டப்படி, ஊர்ப் பதிவேட்டில் குறைந்தது 1,000 டாலர் மதிப்புக்கு வரி கட்ட வேண்டிய சொத்துள்ள எந்த அமெரிக்கக் குடிமகனும், 18 வயது நிரம்பியிருந்தால் ஊர்க் கூட்டத்தில் ஓட்டுப் போடலாம். அவர் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. மேயரையோ கவர்னரையோ பள்ளிக் குழு உறுப்பினரையோ தேர்ந்தெடுக்க முடியாது. ஊர்ப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஓட்டு உண்டு. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது? பள்ளிக்கூடத்துக்கு. ஆசிரியர் சம்பளம், பள்ளிப் பேருந்து, ஒழுகும் கூரை என்று எல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடுகிறது.

"போன தடவை பள்ளிக்கூடத்துக்கு அதிகம் கேட்டார்கள். வேண்டாம் என்று போட்டேன்" என்றார் தோழர். "என் பிள்ளைகள் அங்கே ஒரு நாளும் படித்ததில்லை. வரி மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பள்ளிகளுக்கு ஆகும் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது. அதிலும் பெரும்பகுதி வீடு, நிலத்தின் மீதான வரி. அதனால் பணக்கார ஊரின் பள்ளி ஒரு தினுசு, ஏழை ஊரின் பள்ளி இன்னொரு தினுசு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர்கள் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். ஆக, பள்ளி வரி என்பது அங்கே சில்லறை விவகாரம் இல்லை. வாரக் கடைசி வீடுகள் நிறைந்த ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமானது. பூட்டிய வீடு பள்ளிக்கு ஒரு குழந்தையையும் அனுப்புவதில்லை. வரியை மட்டும் தவறாமல் அனுப்புகிறது. ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல அண்டை வீடு கிடைக்குமா?

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவளுக்கு இங்கே ஒரு சிக்கல். ஆங்கிலச் செய்தியில் 'ஆப்சென்டீ' என்று வந்தால் 'வராதவர்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் ஓட்டுச் சீட்டை முன்கூட்டியே தபாலில் அனுப்பும் 'ஆப்சென்டீ', அந்த ஊரில் குடியிருந்துகொண்டு அன்றைக்கு மட்டும் வெளியூர் போனவர். தோழர் அப்படியல்ல, அந்த ஊரில் குடியில்லாதவர். தஞ்சாவூர் நிலத்துக்குச் சென்னையில் உட்கார்ந்து குத்தகை வாங்கியவரையும் இதே ஆங்கிலச் சொல்லால்தான் குறித்தார்கள். தமிழில் குடியிருப்பு, குடிமகன், குடிக்கூலி எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. வாடகை கொடுப்பவனும் நம் மொழியில் குடிதான். சொத்து அந்த வேருக்குள் வரவே இல்லை.

அமெரிக்கச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. நியூயார்க் மாநிலத்தின் சில பள்ளி மாவட்டங்களில் முன்பு ஒரு விதி இருந்தது. பள்ளித் தேர்தலில் ஓட்டுப் போட உங்களுக்கு அங்கே வரிக்குரிய சொத்து இருக்க வேண்டும், அல்லது அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் குழந்தை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும். மாரிஸ் கிரேமர் என்ற 31 வயது பிரம்மச்சாரி, பங்குத் தரகர், அப்பா அம்மா வீட்டிலேயே குடியிருந்தார். வருமான வரி கட்டினார், மற்ற தேர்தல்களில் ஓட்டுப் போட்டார். பள்ளித் தேர்தலில் மட்டும் 'நீ போகலாம்' என்று சொல்லிவிட்டார்கள். 1969-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் ஒரு ஒப்பீடு வருகிறது. பள்ளி விஷயத்தில் அக்கறையுள்ள கிரேமருக்கு ஓட்டு இல்லை. எந்த அக்கறையும் இல்லாமல், வேலையும் இல்லாமல், வரியும் கட்டாமல், அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கும் வாலிபனுக்கு ஓட்டு உண்டு. இது என்ன தர்க்கம் என்று கேட்டது கோர்ட்.

ஊரில் இருப்பவனைச் சொத்து இல்லை என்று வெளியே நிறுத்தக் கூடாது என்பது அதோடு தீர்ந்தது. சொத்து மட்டும் இருப்பவனை உள்ளே விடலாமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கோர்ட்டுகள் சொல்லும் பதில் ஏறக்குறைய இதுதான்: ஓட்டுக் கொடு என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லை, கொடுக்க வேண்டும் என்று ஊருக்கோ மாநிலத்துக்கோ தோன்றினால் கொடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் நகரத்தில் வாக்காளராக இருந்துகொண்டு, ஹாம்ப்டன்ஸ் கடற்கரையில் பங்களா வைத்திருந்த சிலர் அங்கேயும் ஓட்டுக் கேட்டு வழக்குப் போட்டு 2002-ல் தோற்றார்கள். கொலராடோவின் மலை ஊரான மவுண்டன் வில்லேஜ், வெளியூர்ச் சொத்துக்காரர்களுக்குத் தானாகவே ஓட்டுக் கொடுத்தது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்துப் போட்ட வழக்கு 1997-ல் தள்ளுபடியாயிற்று.

கொடுத்த இடங்களில் நடந்த கூத்துக்கும் குறைவில்லை. டென்னசியின் சட்டநூகா நகரில், அற்ப விலை பெறும் துண்டு நிலத்தைப் பல பேர் கூட்டாக வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஓட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது; 1989-ல் கோர்ட் அதைச் செல்லாது என்றது. டெலவேர் மாநிலத்தின் நியூவார்க் நகரில் சொத்து வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் ஓட்டு இருந்தது. 2018-ல் நடந்த வாக்கெடுப்பு ஒன்றில், கம்பெனிகளின் பெயரில் ஒரே மனிதர் 31 ஓட்டுப் போட்டார். அத்தனையும் சட்டப்படி! பிறகு ஊருக்கே வெட்கமாகப் போய் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள்.

நாம் சிரிக்க வேண்டாம். 1919 சட்டத்தின் கீழ் நம் சட்டசபைகளில் நிலக்கிழார்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அதைத் துடைத்தெறிந்தோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஒருவருக்கு ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதாலேயே அவர் அங்கே வசிப்பவராகக் கருதப்பட மாட்டார் என்று தெளிவாகவே சொல்கிறது. கும்பகோணத்தில் என் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு அரையாண்டுக்கு ஒரு தடவை தில்லியிலிருந்து வரி கட்டுகிறேன். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. எந்தப் பள்ளிக்கு அது போகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. சொல்லப்போனால் அங்கேயே குடியிருப்பவர்களிடமும் அதை யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு போதுமா என்று ஊரையே கூப்பிட்டு ஓட்டுக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

தோழரின் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். அவருடைய அக்கா மகன். அதே கனெக்டிகட்டில் வேறொரு ஊரில் எச்-1பி விசாவில் கம்ப்யூட்டர் வேலை, பச்சை அட்டைக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பு. சொந்த வீடு, ஏரிக்கரை வீட்டைப் போல இரண்டு மடங்கு வரி, மூன்றாம் வகுப்பில் ஒரு மகள். மகளின் பள்ளியில் இசை ஆசிரியரை நீக்குவதா வேண்டாமா என்று ஊர் ஓட்டெடுத்தபோது அவர் வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். உள்ளே போக முடியவில்லை, குடிமகன் இல்லை.

"மாமா, நீங்க எட்டிப் பாக்கற ஊர்ல உங்களுக்கு ஓட்டு. நான் தூங்கி எழுந்திருக்கிற ஊர்ல எனக்கு இல்லே" என்றாராம்.

அந்தப் பையன் இந்தியப் பிரஜை. 2010-ல் வந்த திருத்தத்தின்படி, பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை வைத்துச் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் சேரலாம். தேர்தலன்று விமானம் ஏறி நேரில் வந்தால் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடலாம். பத்து வருடமாகப் பார்க்காத தெருவுக்கு ஓட்டு உண்டு, மகளின் பள்ளிக்கு இல்லை.

சான்பிரான்சிஸ்கோவில் 2016-ல், குடிமக்கள் அல்லாத பெற்றோரும் பள்ளிக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று நகர மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். 2022-ல் ஒரு கோர்ட் அதைத் தடுத்தது, 2023-ல் மேல் கோர்ட் மீட்டுக் கொடுத்தது. எனக்கு இது சரியாகப் படுகிறது. பள்ளியின் கதவு திறப்பதும் மூடுவதும் யார் வீட்டுக் காலையை மாற்றுகிறதோ அவர் பேச்சு முதலில் கேட்கப்படட்டும். வரி கட்டும் வெளியூர்க்காரருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை, கூட்டத்தில் எழுந்து பேசும் உரிமை எல்லாம் இருக்கட்டும். ஓட்டு என்று வரும்போது என் தராசு ஊரில் இருப்பவர் பக்கம்தான் சாய்கிறது. இதைத் தோழரிடமும் சொன்னேன். "வரியை மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டாய், இல்லையா?" என்றார். சொல்லவில்லை என்பது உண்மை.

இந்த வருடமும் பள்ளிக்கு அதிகம் கேட்டார்களாம். நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கா மகன் சொன்னதற்குப் பிறகும் வேண்டாம் என்றுதான் போட்டீர்களா என்று கேட்டேன்.

"அது ரகசிய வாக்கெடுப்பு" என்றார்.