நலவாழ்வுப் பகுதி: இரத்தம் மிகுந்தாலும் இன்னல்

இரத்தம் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னால் நாம் கவலை கொள்கிறோம். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் தேடுகிறோம். மிகுந்திருக்கிறது என்றாலோ, "நல்ல தேகம்" என்று மகிழ்ந்துவிடுகிறோம். அம்மகிழ்ச்சி எல்லார்க்கும் பொருந்தாது என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இரத்த அணுக்கள் எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. சிலருக்கு அம்மஜ்ஜை அளவறியாமல் அணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. சிவப்பணு பெருகுவது ஒரு வகை; தட்டணு பெருகுவது மற்றொரு வகை; மஜ்ஜையே நாராக இறுகுவது மூன்றாவது வகை. 1892இல் பிரெஞ்சு மருத்துவர் வாக்கேஸ் முதல் வகையை விவரித்தார். 1951இல் அமெரிக்க டாக்டர் டாமெஷெக் இவையெல்லாம் ஒரே குடும்பத்து நோய்கள் என்று காட்டினார். 2005இல் ஜாக்-2 என்னும் மரபணுவில் நேரும் சிறு மாற்றம் கண்டறியப்பட்டது. சிவப்பணு பெருகும் நோயாளருள் 100க்கு ஏறத்தாழ 95 பேரிடம் இது உண்டு. பெரும்பாலும் இது வாழ்நாளின் இடையில் தோன்றுவதேயன்றிப் பெற்றோர்வழி வருவதன்று. ஆகவே பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்க வேண்டுவதில்லை.

இந்நோய் பல்லாண்டுகள் மெல்ல நடக்கும். இடையில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் இரத்தக் கட்டியே. இரத்தம் தடித்து ஓட்டம் மந்தமாகிறது. அணுக்களும் குழாய்ச் சுவரும் ஒட்டும் தன்மை அடைகின்றன. கட்டி மூளையில் அடைத்தால் பக்கவாதம். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. காலில் தோன்றி நுரையீரலுக்கு ஏறுவதும் உண்டு. கல்லீரல் நாளங்களில் அடைத்து வயிறு வீங்குவதும் உண்டு. 60 வயது கடந்தோர்க்கும் முன்பு ஒருமுறை கட்டி கண்டோர்க்கும் ஆபத்து மிகுதி. புகையிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அதனை வளர்ப்பன.

மருத்துவம் எளியதே. இரத்தத்தை அவ்வப்போது எடுத்துக் குறைப்பது முதற்படி. 2013இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்று 365 நோயாளரைக் கவனித்தது. சிவப்பணுப் பங்கை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்தவர்களைவிட, 45 முதல் 50 வரை விட்டவர்களிடம் பெருங்கட்டிகளும் இதயநோய் மரணமும் ஏறக்குறைய நான்கு மடங்கு காணப்பட்டன. சிறிதளவு ஆஸ்பிரின் துணைசெய்யும் என்பதை 2004ஆம் ஆண்டின் ஆய்வு நிலைநாட்டியது. ஆபத்து மிகுந்தோர்க்கு ஹைட்ராக்ஸியூரியா முதலிய மருந்துகளும் தரப்படுகின்றன.

ஆயினும் நம்மவர்க்கு இரத்தம் எடுப்பது என்றாலே அச்சம். கோட்டுகால் பக்கத்து அன்பர் ஒருவர் மும்முறை எடுத்துக்கொண்டார். "இருக்கிற இரத்தத்தையும் ஊற்றிவிட்டால் உடம்பு தேறுமா, அத்தான்?" என்று மைத்துனர் கேட்டதும் நிறுத்திவிட்டார். சில மாதங்களில் ஒரு கால் வீங்கிச் சிவந்தது. கட்டி என்று தெரிந்தது. இன்று நலமாக இருக்கிறார். ஒரு தவணையும் தவறுவதில்லை. மைத்துனரே உடன் செல்கிறார்.

தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவதும் தவறு. தட்டணு 10 இலட்சத்தைத் தாண்டினால் சிலருக்கு இரத்தம் உறையாமல் கசிவதும் உண்டு. டாக்டர் சொற்படியே நடக்க வேண்டும்.

வெந்நீரில் குளித்தபின் உடலெங்கும் அரிப்பு, உள்ளங்காலில் எரிச்சலும் சிவப்பும், ஓயாத தலைவலி, இடப்பக்க விலாவின்கீழ்ப் பாரம் ஆகியவை இருந்தால் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 16.5, பெண்களுக்கு 16 ஆகியவற்றைக் கடந்தாலோ, தட்டணு நாலரை இலட்சத்தைக் கடந்து நின்றாலோ காரணம் கேட்டறிக. புகைபிடித்தல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். அதைப் பிரித்தறிவது டாக்டரின் வேலை.

நோயுள்ளோர் ஊருக்கு நெடுந்தூரம் இரயிலேறும்போது தண்ணீர் போதிய அளவு பருகுக. மணிக்கொருமுறை எழுந்து நடக்க. தறிக்குழியில் நாள்முழுதும் அமரும் பாலராமபுரத்து நெசவாளர்க்கும் இதுவே சொல்வோம். முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல், திடீர் மூச்சுத்திணறல் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. பழைய பரிசோதனைச் சீட்டுகளை ஒரு பையில் சேர்த்துவைத்து, அது இருக்குமிடத்தை வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைப்பது இன்றே செய்யத்தக்க காரியம்.